விலை இறங்கினால்தான் ஏறுவேன்

நான் அந்தச் சபதத்தைச் செய்தபோது என் கையில் பாதி கடித்த பிஸ்கட் இருந்தது. சபதம் செய்கிறவன் கையில் இருக்க வேண்டிய பொருள் அது இல்லைதான். ஆனால் கோபம் சொல்லிவிட்டா வருகிறது? கையில் என்ன இருக்கிறதோ அதைத்தானே ஓங்க முடியும்?

டி.வி.யில் எரிபொருள் அமைச்சர் பேசிக்கொண்டிருந்தார். பெட்ரோல் விலை மறுபடியும் ஏறியிருந்தது. போன தடவை ஏறியதே இன்னும் எங்களுக்கு ஜீரணமாகவில்லை.

"இது விலை உயர்வு அல்ல. விலைச் சீரமைப்பு. மக்கள் கொஞ்சம் நடந்து பழக வேண்டும். நடப்பது இதயத்துக்கு நல்லது" என்றார் அமைச்சர். சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவருக்கு முன்னால் ஒரு வரிசை கார், பின்னால் ஒரு வரிசை கார். அவருடைய இதயத்தை நினைத்து எனக்குக் கவலையாகிவிட்டது.

"ஓட்டுப் போட்டவன் ஓட்ட முடியாம நிக்கிறான்!" என்று பிஸ்கட்டை ஓங்கினேன். "இனிமே நான் அந்த ஸ்கூட்டரைத் தொடமாட்டேன். விலை இறங்கினாத்தான் நான் ஏறுவேன். இது சத்தியம்!"

உங்களிடம் மட்டும் ஒரு விஷயம் சொல்கிறேன். கோபம் உண்மை. வயிறு எரிந்ததும் உண்மை. ஆனால் சபதத்துக்கு உள்ளே இன்னொரு சபதம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஊரின் மறுகோடியில், மேட்டின் உச்சியில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த அண்ணன், அதாவது என் மச்சான், எரிபொருள் துறையில் அதிகாரி. அமைச்சர் வாசிக்கிற அறிக்கைகளை எழுதுகிறவரே அவர்தான். 'விலைச் சீரமைப்பு' என்ற சொல்லைக் கண்டுபிடித்த விஞ்ஞானியும் அவர்தான். டி.வி.யில் பத்து நிமிஷம் கேட்டதை அவர் வீட்டு சோபாவில் நாள் முழுக்க விளக்கத்தோடு கேட்க வேண்டும். வண்டி ஓடாவிட்டால் அங்கே எப்படிப் போவது? நாட்டுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

மனைவி சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"நெஜமாவாங்க?"

"நெஜமாத்தான்."

"விலை இறங்கற வரைக்கும் ஏறமாட்டீங்களா?"

"ஏறமாட்டேன்."

"அவசரம்னாலும்?"

"உயிரே போனாலும்!"

"எவ்வளவு நல்ல மனசுங்க உங்களுக்கு" என்றாள். அவள் என்னைப் பார்த்து அப்படிச் சொல்லிப் பல வருஷமாகியிருந்தது. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். "அப்ப சாவியக் குடுங்க. உங்க கையில இருந்தா மனசு மாறிடும். நான் பத்திரமா வெச்சுக்கறேன்."

கொடுத்துவிட்டேன். பெருமையாகவே கொடுத்தேன்.

பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கு எங்கள் வீட்டுப் பேச்சு ஒன்றுவிடாமல் கேட்கும். சுவர் அப்படி. காலையில் நான் வாசலுக்கு வந்தபோது, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாலை மரியாதையோடு நிற்கிற மாதிரி நின்றார்.

"சார், கேட்டேன் சார். புல்லரிச்சுப் போச்சு. தெரு முழுக்கச் சொல்லிட்டேன்."

"தெரு முழுக்கவா?"

"நீங்கதான் சார் இனிமே தலைவர். நாங்க உங்க பின்னாடி."

பின்னாடி ஒருவரும் வரவில்லை. நான் தனியாகத்தான் நடந்தேன். எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஊர் மக்களின் மூக்கை அளந்து கண்ணாடி மாட்டுகிறவன். ஸ்கூட்டரில் போகும்போது கடை பக்கத்தில்தான் இருந்தது. நடக்க ஆரம்பித்ததும் அது தள்ளித் தள்ளிப் போனது. வெயில் தலையில் ஏறியது. செருப்பு காலைக் கடித்தது. ஒரு கிழட்டு நாய் கொஞ்ச தூரம் கூட வந்துவிட்டு, என் வேகம் பிடிக்காமல் முன்னால் போய்விட்டது.

அப்போது பின்னால் ஹாரன் சத்தம். தெரிந்த ஹாரன். சளி பிடித்த மாதிரி இருக்கும். திரும்பினால், என் ஸ்கூட்டர்! அதன் மேல் என் மனைவி!

"என்னங்க, இவ்வளவு தூரம் வந்துட்டீங்களே!" என்று நிறுத்தினாள்.

"நீ... இது... எப்படி?"

"வேலைக்குப் போறேன்."

அவளுக்கு வேலை டிரைவிங் ஸ்கூலில். ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள், தினமும் இரண்டு பஸ் மாறி இடிபட்டுத்தான் போய்வந்தாள். "ஒரு வாரம் வண்டிய எனக்குக் குடுங்களேன்" என்று கேட்டுப் பார்த்திருக்கிறாள். "என் கை படாட்டி அது ஸ்டார்ட் ஆகாது" என்று சொல்லிவைத்திருந்தேன். அது இப்போது துள்ளிக்கொண்டு நின்றது.

"விலை இறங்கற வரைக்கும் வண்டிய எடுக்கக்கூடாதுன்னு சபதம் இருக்கு!"

"உங்க சபதங்க அது. நான் பிஸ்கட்டைத் தூக்கலையே."

"வண்டி என்னுது!"

"அதான் நீங்க தொடமாட்டேன்னுட்டீங்களே. சும்மா நின்னா பேட்டரி போயிடும்." பிறகு பின் சீட்டைத் தட்டி, "வாங்க, கடை வாசல்ல இறக்கி விட்டுடறேன்" என்றாள்.

கால் கெஞ்சியது. ஒரு காலைத் தூக்கியும்விட்டேன். சட்டென்று எதிர்ப்பக்கம் டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் கை தட்டினார்கள். "தலைவர் வாழ்க!" தையல்காரர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். தூக்கின காலைச் செருப்பில் மண் தட்டுகிற மாதிரி தட்டிக் கீழே வைத்தேன்.

"ஐயோ, உங்க சபதம் மறந்தே போச்சு" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு பறந்துவிட்டாள்.

வாரம் முழுக்க இதே கதி. அவள் பூ மாதிரி வந்தாள், நான் புழுதியோடு வந்தேன். போகட்டும், ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே! அந்த ஒரு நாள் தூக்கத்துக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை. போர்வையை இழுத்து மூடினேன். கண் அயரும் நேரத்தில் வாசலில் கார் சத்தம்.

"மாப்பிள்ளை! இன்னும் தூக்கமா?"

மச்சான்! கூடவே அவர் மனைவி. வெளியே அரசாங்கக் கார்.

"வாங்க மச்சான்" என்றேன்.

"நீங்க வர முடியாதுன்னு தங்கச்சி போன் பண்ணிச்சு. அதுக்கென்ன, நாங்க வந்துட்டுப் போறோம். எனக்கு பெட்ரோல் அரசாங்கம்தானே போடுது? இனிமே வாராவாரம் இங்கதான்!"

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சோபா. அதன் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "இப்ப இந்தச் சீரமைப்பு இருக்கே மாப்பிள்ளை..." என்று ஆரம்பித்தார்.

அவர் வீடாக இருந்தால் அவர் பாட்டுக்குப் பேசியிருப்பார். இங்கே சுவர் இருக்கிறதே! தையல்காரர் காதில் 'எரிபொருள் துறை' என்ற சொல் விழுந்ததுதான் தாமதம், அரசாங்கம் தலைவரோடு பேச்சுவார்த்தைக்கு வந்துவிட்டது என்று தெருவில் செய்தி பரவிவிட்டது. டீ ஆறுவதற்குள் வாசல் நிறைய ஆட்கள். முன்னால் வேன் அக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தெருப் பிள்ளைகளெல்லாம் அவர் வேனில்தான் போவார்கள்.

"சார், நீங்கதான் விலைய ஏத்தறவரா?" என்றார் அவர்.

"ஏத்தலைம்மா. சீரமைக்கிறோம். உலகச் சூழ்நிலை அப்படி" என்றார் மச்சான்.

"அப்ப உலகத்துல விலை இறங்கினப்ப இங்க ஏன் சார் இறங்கல?" இது தையல்காரர்.

"அந்தச் சூழ்நிலை இங்க வந்து சேர நாளாகும்."

"ஏத்தம் மட்டும் அன்னிக்கே வந்துடுதே? அது பிளேன்ல வருது, எறக்கம் நடந்து வருதா?"

வாசல் சிரித்தது. வேன் அக்கா சிரிக்கவில்லை.

"பெத்தவங்ககிட்ட கூடுதலாக் காசு கேக்கவும் முடியல, கேக்காம வேன் ஓட்டவும் முடியல. நாலு நாளா நிறுத்திட்டேன் சார். பிள்ளைங்க அந்தப் பெரிய ரோட்டுல லாரிக்கு நடுவுல நடந்து போகுதுங்க. அதுங்களுக்கு இதயம் நல்லாத்தானே இருக்கு? அதுங்க எதுக்கு நடக்கணும்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலைவராம்! என் மனைவியும் சமையலறை வாசலில் நின்று என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பெரிய ரோட்டில் பைகளைச் சுமந்துகொண்டு ஓரமாகப் போகும் அந்தப் பிள்ளைகளை நானும் அந்த வாரம் பார்த்தேன். அவர்களுக்குப் பின்னால்தான் நான் நடந்துகொண்டிருந்தேன்.

"மச்சான்" என்றேன். "நீங்க என்ன பேரு வேணாலும் வையுங்க. ஏத்தம்னா ஏத்தம்தான். ஏன் ஏத்தறீங்கன்னு ஒரு தடவையாவது நேராச் சொல்லுங்க. நாங்க படிச்சுப் பாஸ் பண்ணவா கேக்கறோம்? பிள்ளைங்கள ரோட்டுல நடக்க விட்டிருக்கோம், அதுக்குக் கேக்கறோம்."

மச்சான் டீயைக் கீழே வைத்தார். ஆள் சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது.

"உண்மையச் சொல்லட்டா? எனக்கே தெரியாது மாப்பிள்ளை. விலை எழுதற இடத்தைக் காலியா விட்டுட்டு அறிக்கை எழுதச் சொல்வாங்க. எழுதிக் குடுப்பேன். டி.வி.யில பாத்துத்தான் எவ்வளவுன்னு நானே தெரிஞ்சுக்கறேன். ஏன்னு கேட்டா முதல்ல என்னைச் சீரமைச்சுடுவாங்க."

வந்த கோபத்தையெல்லாம் யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் தெரு திகைத்து நின்றது. அப்போது என் மனைவி பேசினாள்.

"இவருகிட்ட கேட்டு என்ன பண்றது? கேக்க வேண்டிய இடத்துல கேப்போம். நாளைக்கு எல்லாரும் வண்டியத் தள்ளிக்கிட்டு எரிபொருள் துறை ஆபீஸ் வாசலுக்குப் போவோம்."

போனோம். ஸ்கூட்டர், ஆட்டோ, நடுவில் எல்லாரும் சேர்ந்து தள்ளின பள்ளிக்கூட வேன். தலைவர் நான் முன்னால் போனேன். தள்ள எனக்கு வண்டி இல்லாததால் கையை வீசிக்கொண்டு போனேன். என் ஸ்கூட்டரை மனைவி தள்ளினாள். டி.வி.காரர்கள் ஓடி வந்தார்கள். கேமரா நேராக என்னிடம் வந்தது. தலையைக் கோதிக்கொண்டு, "மக்களே..." என்றேன்.

"சார், கொஞ்சம் தள்ளுங்க. பின்னாடி வர்ற மேடத்தை மறைக்கிறீங்க" என்றார் கேமராக்காரர்.

மேடம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தாள். "எங்களை நடக்கச் சொல்றவங்க முதல்ல அவங்க காரை நிறுத்தட்டும். அப்புறம் நாங்க நடக்கறதைப் பத்திப் பேசலாம்" என்றாள். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் நாடே அதைத்தான் பேசியது. திரையின் ஓரத்தில் என் இடது முழங்கை தெரிந்தது.

சில நாளில் அரசாங்கம் பணிந்தது. எப்படிப் பணிந்தது என்பதையும் சொல்கிறேன். பெட்ரோல் விலையைக் குறைத்தார்கள். குறைத்த தொகைக்கு இப்போது நாட்டில் நாணயமே கிடையாது. கூடவே, மக்கள் கோரிக்கையை ஏற்றுச் சிக்கன நடவடிக்கை: துறை அதிகாரிகளின் கார்கள் வாபஸ். அமைச்சரின் கார் வரிசை? அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டதாம். "இந்தக் கண்துடைப்புக்கெல்லாம் ஓய மாட்டோம்" என்று வேன் அக்கா அடுத்த ஊர்வலத்துக்கு ஆள் சேர்க்கக் கிளம்பிவிட்டார். அவர் வேனின் எரிபொருள் செலவில் பாதியைப் பள்ளிக்கூட நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. வேன் மறுபடி ஓட ஆரம்பித்தது. அது ஒன்றுதான் எங்களுக்கு உருப்படியாகக் கிடைத்தது.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் கொண்டாட்டம். துளியோ துரும்போ, விலை இறங்கிவிட்டது. ஆகவே நான் ஏறலாம். மச்சானுக்குக் கார் போய்விட்டது. ஆகவே அவர் வர முடியாது.

"சாவியக் குடு" என்றேன் மனைவியிடம்.

"அதுல ஒரு சின்ன விஷயங்க. டி.வி.யில பாத்துட்டு எங்க ஸ்கூல்ல நிறைய பொண்ணுங்க ஸ்கூட்டர் கத்துக்கச் சேந்திருக்காங்க. நான்தான் சொல்லித் தரணுமாம். திங்கள்லேருந்து சனி வரைக்கும் வண்டி எனக்கு வேணும்."

"அப்ப நான்?"

"ஞாயித்துக்கிழமை முழுக்க உங்களுக்குத்தான். நான் தொடவே மாட்டேன்."

பேரம் படிந்துவிட்டது. நடந்து பழகியாகிவிட்டது, வாரமெல்லாம் நடக்கலாம். மச்சான் இல்லாத ஞாயிறு, கையில் வண்டி. வேறென்ன வேண்டும்?

ஞாயிறு காலை அவளே என்னை எழுப்பிச் சாவியைக் கையில் வைத்தாள். டேங்க் நிறைய பெட்ரோல் போட்டிருந்தாள். வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தாள். கண் கலங்கிவிட்டது எனக்கு. அப்புறம்தான் சீட்டின் மேல் இரண்டு ஹெல்மெட் இருப்பதைக் கவனித்தேன்.

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு அண்ணனுக்கு. இப்ப போய்க் கூட்டிட்டு வந்துடுங்க, சாயங்காலம் கொண்டுபோய் விட்டுடுங்க. பாவம், நம்ம போராட்டத்தாலதானே அவருக்குக் கார் போச்சு?"

எரிச்சலை அடக்க முடியவில்லை. "ஏன், உன் அண்ணி வரலையாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"வராமயா? அவங்களுக்கு இன்னொரு நடை போயிட்டு வந்துடுங்க."