கூடத்தில் முளைத்த புல்

வீட்டுக்குள் புல் வளர்ப்பவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே கிளம்பியிருக்கிறது. குரோட்டன்ஸ், மணிபிளான்ட் ஆசாமிகளோடு இவர்களைச் சேர்த்துவிடாதீர்கள், மனம் புண்படும். ஊரெல்லாம் கூலி கொடுத்து ஆள் வைத்துப் பிடுங்கி எறிகிற அதே புல்லை, வேரோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, பீங்கான் தொட்டியில் நட்டு, கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தி, வருகிறவர்களிடமெல்லாம் "தொட்டுப் பாருங்க" என்பவர்கள் இவர்கள். தொட்டால்தான் காபி வரும்.

"என்ன சார், புல்லா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வாய்க்குள் நுழையாத லத்தீன் பெயர் ஒன்றைச் சொல்லி, அதை நீங்கள் திருப்பிச் சொல்லும்வரை விடமாட்டார்கள்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் துரைக்கண்ணுவைப் பாருங்கள். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். மனைவி காவேரி பட்டு நெய்கிறவர். கூடத்தை ஒட்டிய அறையில் அவருடைய தறி. இரண்டு வருடம் முன்புவரை துரைக்கண்ணுவும் உங்களையும் என்னையும் போலத்தான் இருந்தார். ஒருநாள் போனில், வரவேற்பறையில் வளர்ந்த புல்லை யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாள் பூனையைத் தடவுவதுபோலத் தடவிக்கொடுக்கும் வீடியோவைப் பார்த்தார். உடனே ஆன்லைனில் நீல நிறப் புல் ஒன்றை வரவழைத்தார். காஞ்சிபுரத்து மே மாதம் அதை ஒரே வாரத்தில் வைக்கோலாக்கியது. அதோடு விட்டிருக்கலாம். "நம்ம மண்ணுப் புல்லுதான் நமக்கு" என்று அவருக்குக் கொள்கை பிறந்துவிட்டது. கொள்கை பிறந்த மனிதனை யார் பிடிப்பது?

ஞாயிறுதோறும் மாகறல் கோயிலுக்கு உழவாரப் பணிக்குப் போக ஆரம்பித்தார். மற்றவர்கள் பிராகாரத்துப் புல்லைக் களைந்து வெளியே குவிப்பார்கள். இவர் அந்தக் குவியலில் உட்கார்ந்து, வேர் சிதையாததாகப் பார்த்துப் பொறுக்கிப் பையில் போடுவார். குழுவை நடத்தும் பரமசிவம் இதைக் கண்டு உருகிப்போனார். "அடியார்னா இவருதான்பா. குப்பையைக்கூடத் தன் பையிலயே எடுத்துக்கினு போறாரு." துரைக்கண்ணு மறுக்கவில்லை.

இப்படியாகக் கூடத்தில் ஒன்பது தொட்டிகள் சேர்ந்தன. காலையில் எழுந்ததும் பனிபோலத் தண்ணீர் தெளிப்பார். ஜன்னல் வெளிச்சம் எல்லாப் பக்கமும் படவேண்டுமென்று ஒவ்வொரு தொட்டியையும் கால்வட்டம் திருப்புவார். பழுத்த நுனியைத் தன் மீசைக் கத்தரியால் நறுக்குவார். கடைசியாக டேபிள் ஃபேனைப் புல்லைப் பார்த்துத் திருப்பிவைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்.

"புல்லுன்னா காத்துல ஆடணும் காவேரி. ஆடலைன்னா தண்டு பலவீனமாயிடும்."

தறியில் வியர்க்க உட்கார்ந்திருந்த காவேரி கேட்டார்: "எனக்குத் தண்டு பலமா இருக்குதா?"

துரைக்கண்ணு சிரித்துவிட்டுப் போய்விட்டார். நல்ல நகைச்சுவை என்று நினைத்திருப்பார்.

ஆவணி முகூர்த்தத்துக்கு இளவரசி என்ற பெண்ணின் கல்யாணப் புடவை தறியில் ஏறியிருந்தது. அதே சமயத்தில் துரைக்கண்ணுவின் ஒட்டுப்புல் பூத்து முற்றியது. காட்டில் நடந்தால் வேட்டி ஓரத்தில் ஊசி ஊசியாக ஏறிக்கொள்ளுமே, அந்தப் புல். அவர் அதை நாலு கோணத்தில் படம் பிடித்து, பதினோரு பேருக்கு அனுப்பிவிட்டு, வழக்கம்போல ஃபேனைப் போட்டுவிட்டுக் கிளம்பினார். காவேரி நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பியபோது, தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூல் முழுக்க ஃபேன் காற்றில் பறந்து வந்த முள் விதை. நெய்து முடித்த பாகத்திலும்.

அவர் புருஷனுக்குப் போன் செய்தார். "உங்க புல்லு நல்லா காய்ச்சிருக்குது. வந்து பாருங்க."

மனிதர் லீவு சொல்லிவிட்டு, பூதக்கண்ணாடியோடு வந்து சேர்ந்தார்.

காவேரி திட்டவில்லை. திட்டியிருந்தால் துரைக்கண்ணுவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஓர் ஊசியைக் கையில் கொடுத்தார். "இழுத்தா இழையும் சேர்ந்து வந்துடும். முள்ளைத் திருப்பித் திருப்பி எடுக்கணும். வளத்தது நீங்க, அறுவடையும் நீங்களே பண்ணுங்க."

மூன்று நாள் குனிந்த தலை நிமிரவில்லை. முதல் நாள் நாலு இழை அறுந்தது. காவேரி அவற்றை முடிச்சுப் போட்டார். ஒன்பது புல்லுக்கும் லத்தீன் பெயர் தெரிந்த துரைக்கண்ணுவுக்கு, ஒன்றரை மாதமாகப் பக்கத்து அறையில் நெய்துகொண்டிருந்த புடவை அரக்கு நிறம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

நாலாம் நாள் மணப்பெண்ணின் அம்மா காமாட்சியம்மாள் புடவையைப் பார்க்க வந்தார். முந்தானையைத் தடவியவர் கையைச் சடக்கென்று எடுத்தார். "இன்னா காவேரி, ஏதோ குத்துது?"

ஜரிகை நுனி என்று சொல்லிச் சமாளிக்கக் காவேரி வாயெடுப்பதற்குள் துரைக்கண்ணு முன்னால் வந்தார். "அது என் புல்லும்மா. தப்பு என்னுது. காவேரி மேல ஒண்ணுமில்ல."

அதோடு நிறுத்தியிருந்தால் அவர் வேறு இனம். அந்த விதைக்குக் கொக்கி எப்படி வந்தது, அது எந்தெந்த மிருகத்தின் மேல் ஏறி எங்கெங்கே பரவுகிறது என்று இருபது நிமிஷம் விளக்கினார். பூதக்கண்ணாடியிலும் காட்டினார்.

"எடுத்துட்டுக் குடுங்கப்பா. எனக்கு இன்னும் தாம்பூலப் பை வாங்கணும்" என்று காமாட்சியம்மாள் எழுந்துகொண்டார். புடவை குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. இளவரசி அதைக் கட்டிக்கொண்டுதான் மணவறையில் உட்கார்ந்தாள். எதுவும் குத்தியதாகத் தகவல் இல்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் காவேரி தீர்ப்புச் சொன்னார். "ஃபேன் எனக்கு. தொட்டி ஒண்ணே ஒண்ணு வெச்சிக்கோங்க. மீதியெல்லாம் வெளிய."

துரைக்கண்ணு உடனே ஒப்புக்கொண்டார். இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில் காவேரிக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். சாயங்காலம் லோடு ஆட்டோவில், கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டும் அளவில் ஒரு சிமெண்ட் தொட்டி கூடத்தில் வந்து இறங்கியது. ஒன்பது புல்லும் அதற்குள் குடியேறின.

"ஒண்ணுதான் காவேரி. எண்ணிப் பாரு."

சிரிக்கிறீர்கள். நாம் புல் வளர்க்கவில்லையே என்ற தைரியம். வாஸ்தவம்தான். உங்களுடையது மீன் தொட்டியாக இருக்கலாம், பழைய ரேடியோவாக இருக்கலாம், பிரிக்காமல் கட்டிவைத்த புத்தக மூட்டையாக இருக்கலாம். இன்றைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் யாராவது கையில் சூடான பாத்திரத்தோடு, உடம்பை ஒடுக்கிக்கொண்டு, எதன்மேலும் இடிக்காமல் பக்கவாட்டில் நடந்து போகிறாரா என்று கவனியுங்கள். போனால், அது யாருடைய சாமான் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.