பருவம் ஏழு, பழுப்பு ஒன்று

அன்று காலை அபிராமபுரத்தின் தெருக்களில் கார் நிறுத்த இடமில்லை. அங்கே ஏதோ கச்சேரி நடக்கிறது என்று நினைத்தவர்களை மன்னிக்கலாம். அமைச்சர் வருகிறார் என்று நினைத்தவர்களையும் மன்னிக்கலாம். நடந்தது இரண்டையும்விட மேலான காரியம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளைச் சேர்ந்த பெருமதிப்பிற்குரிய தாய்மார்கள் தங்கள் கால்களைக் கழுவிக்கொள்ள வந்திருந்தார்கள். வீட்டில் தண்ணீர் வரவில்லையா என்று அவர்களைக் கேட்பது பண்பாகாது.

கல்யாண மண்டபத்தின் வாசலில் ஒரு பெரிய பதாகை தொங்கியது. 'பேதை முதல் பேரிளம்பெண் வரை! ஏழு பருவப் பாத சுத்தி! பெண்ணின் நலம் பாதத்தின் நீரில்! கோஷாப் பெண்களுக்குத் தனித் திரை வசதி உண்டு.' எழுத்துகளுக்கு நடுவே பருவரத்னா பிரணவ்ஜி கைகூப்பிச் சிரித்தார். பருவரத்னா என்ற பட்டத்தை அவருக்கு யார் வழங்கினார்கள் என்பது தெரியவில்லை. பதாகை அச்சிட்டவர் வழங்கியிருக்கக்கூடும்.

பெண்ணின் வயதைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழாகப் பிரித்துப் பாடினார்கள் பழம் புலவர்கள். பாவம், அவர்கள் பாடியதோடு நின்றுவிட்டார்கள். பிரணவ்ஜியோ ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு நச்சைக் கண்டுபிடித்தார். அந்த நச்சை இறக்க ஒரு தொட்டியையும் கண்டுபிடித்தார். வெதுவெதுப்பான நீர், அதில் ஒரு பிடி இமயத்து உப்பு, ஒரு மூலையில் கம்பிச்சுருள் பொருத்திய சிறிய பெட்டி. கால்களை வைத்து சுவிட்சைப் போட்டால் தெளிந்த நீர் மஞ்சளாகும், பிறகு செம்மஞ்சளாகும், கடைசியில் சாக்கடைப் பழுப்பாகும். 'உங்கள் உடம்பில் இருந்ததைப் பாருங்கள்' என்பார் பிரணவ்ஜி. பார்த்தவர்கள் அழுவார்கள். பட்டப்படிப்பு படித்தவர்கள் சற்று அதிகமாகவே அழுவார்கள்.

அந்தப் பெட்டி இமயத்து முனிவர் ஒருவரின் அருட்கொடை. அடிப்பக்கத்தில் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை ஒன்றின் பெயர் ஒட்டியிருந்ததை முனிவரின் தங்கும் முகவரி என்று எடுத்துக்கொள்வதே மரியாதை.

நச்சு இறங்கியபின் நல்ல பழக்கங்கள் அருளப்படும். மங்கைப் பருவத்தார் வடக்கே பார்த்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரை, பெதும்பைப் பருவத்துக்கு விஷம். தெரிவைப் பருவத்தார் மருத்துவரை அணுகினால் இறங்கும் நச்சு பாதியில் பயந்து மூளைக்கு ஏறிவிடும். இத்தனைக்கும் தலையசைத்தபடி எப்போதும் முன்வரிசையில் அமர்ந்திருப்பார் காமாக்ஷி.

காமாக்ஷி வேதியியலில் பட்டம் பெற்றவர். அந்தப் பட்டம் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்துச் சுவரில் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது. அதை வெளியே எடுக்கும் வழக்கமில்லை. கணவர் கஸ்தூரிரங்கன் மின்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தற்போது பிரணவ்ஜியின் மண்டபத்தில் சுவிட்ச் போடும் திருப்பணியை ஊதியமின்றிச் செய்துவருகிறார்.

காமாக்ஷியை அங்கே கொண்டுவந்தது ஒரு பயம். மாதவிலக்கு நின்று சில ஆண்டுகள் கழிந்தபின், மீண்டும் உதிரம் படத் தொடங்கியிருந்தது. முதலில் ஒரு துளி. பிறகு அடிக்கடி. கணவரிடம் சொல்லக் கூச்சம். பிரணவ்ஜியிடம் மட்டும், நீர் பழுப்பாகிக்கொண்டிருந்தபோது, மெல்லச் சொன்னார். முகம் மலர்ந்த பிரணவ்ஜி அவரும் மெல்லக் கிசுகிசுத்தார்.

"வாழ்த்துகள் அம்மா! நச்சு இறங்குது. இதைத் தடுத்துடாதீங்க. டாக்டர்னு போயிடாதீங்க. தொட்டியை மட்டும் விடாதீங்க."

உடல் அபாய மணி அடித்ததற்கு வாழ்த்துச் சொன்ன முதல் ஆராய்ச்சியாளர் அவராகவே இருப்பார்.

இந்த வாழ்த்தைப் பெருமையோடு தன் தோழியிடம் சொன்னதுதான் காமாக்ஷி செய்த ஒரே நல்ல காரியம். தோழி ஹமீதுன்னிசா. கல்லூரியில் ஒரே ஆய்வு மேசையில் நின்று, ஒரே குடுவையை உடைத்து, ஒன்றாகத் திட்டு வாங்கியவர்கள். ஹமீதுன்னிசாவின் குடும்பத்துக்குப் பாண்டி பஜாரில் செருப்புக் கடை. இப்போது மகன் ஆசிஃப்போடு அவரும் கடையைப் பார்த்துக்கொள்கிறார்.

"இன்னாடி சொல்ற? ரத்தம் போவுதுன்னா அவன் வாழ்த்து சொல்றானா?" என்று கடையில் வைத்தே கத்தினார் ஹமீதுன்னிசா. செருப்பு பார்க்க வந்த பெண் ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றுவிட்டாள்.

"மெதுவாப் பேசுடி! தண்ணி எவ்ளோ பழுப்பாறது தெரியுமோ? கண்ணால பாத்தேன்."

"என் கடைக்கு வர்ற மழைத் தண்ணி கூட பழுப்பாத்தான் கீது. அதுக்கு யார் வயித்துல நச்சு?"

"நோக்கு எல்லாத்துலயும் கேலி. அத்தனை பேரும் முட்டாளா?"

"அத நான் சொல்லலம்மா, நீ சொல்ற." ஹமீதுன்னிசா குரலைத் தாழ்த்தினார். "காமு, ஒரு பந்தயம். நான் உன்னோட வரேன். அந்த ஆளு என் தண்ணியப் பாத்து சரியா சொல்லிட்டான்னா நானும் காலைக் கழுவிக்கினு உக்காந்துக்கறேன். தப்பா சொன்னான்னா, அங்கேர்ந்து நேரா கோபாலபுரம் லேடி டாக்டராண்ட வரணும். வீட்டுக்குப் போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாது."

காமாக்ஷி சம்மதித்தார். பிரணவ்ஜி தவறக்கூடும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் பாத்ரூமுக்குப் போகவே அவருக்குப் பயமாக இருந்தது. அதை ஹமீதுன்னிசா அறிவார்.

பந்தய நாளான அன்று மண்டப வாசலில் செருப்புகள் மலையாகக் கிடந்தன. தாய்மார்கள் செருப்புகளை ஜோடி பிரியாமல் ஓரமாக வைத்து, டோக்கன் வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார்கள். செருப்பு விஷயத்தில் மட்டும் யாரையும் நம்பிவிட முடியாது அல்லவா?

நீண்ட கறுப்பு புர்கா அணிந்து, தோளில் கடைப் பையோடு வந்த ஹமீதுன்னிசாவைப் பார்த்ததும் மஞ்சள் புடவை உடுத்திய உதவிப் பெண் ஓடிவந்தாள்.

"வாங்கம்மா, உங்களுக்குத் திரை உண்டு. சாமி முகம் பார்க்க மாட்டாங்க. தண்ணி மட்டும்தான் அவர்கிட்ட போகும். வயசு என்னம்மா?"

"தண்ணி சொல்லும்னாங்களே?" என்றார் ஹமீதுன்னிசா.

உதவிப் பெண் சற்றுத் தயங்கிச் சிரித்தாள். மற்ற பெண்களிடம் அவள் வயது, குழந்தைகள், வலிகள் எல்லாவற்றையும் அன்போடு விசாரிப்பாள். பிறகு உள்ளே போய் பிரணவ்ஜியின் காதருகே ஏதோ மந்திரம் சொல்வாள். இந்த மந்திரத்துக்கும் பிரணவ்ஜியின் ஞானத்துக்கும் தொடர்பு உண்டு என்று நினைப்பவர்கள் பாவிகள்.

திரைக்குள் ஹமீதுன்னிசாவும், துணைக்குக் காமாக்ஷியும். தொட்டியில் தெளிந்த நீர். உதவிப் பெண், கோஷா மரியாதைக்காகத் திரைக்கு வெளியே திரும்பி நின்றுகொண்டாள். ஹமீதுன்னிசா பையைத் திறந்தார். உள்ளேயிருந்து இரண்டு கால்கள் வெளிவந்தன.

காமாக்ஷி கத்திவிடாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நகங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசிய, கணுக்காலோடு முடிந்துபோன, பளபளப்பான பிளாஸ்டிக் கால்கள். பாண்டி பஜார் கடையின் கண்ணாடி அலமாரியில் பெண்கள் செருப்பை மாட்டிக் காட்டும் கால்கள்.

"அடிப் பாவி! இது அபசாரம்டி!" என்று காமாக்ஷி கிசுகிசுத்தார்.

"தெய்வ குத்தம் வந்தா கால் மேல வரட்டும். அதுக்கு வலிக்காது." ஹமீதுன்னிசா தன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் கால்களைத் தொட்டியில் இறக்கி, மிதந்து எழாதபடி புர்காவின் விளிம்புக்குள் கைவிட்டுப் பிடித்துக்கொண்டார். "தயார்மா!" என்று குரல் கொடுத்தார்.

வெளியே கஸ்தூரிரங்கன் சுவிட்சைப் போட்டார்.

காமாக்ஷி நீரையே பார்த்தார். இது மாறாது. மாறக் கூடாது. மாறினால்... நீரின் ஓரத்தில் ஒரு மஞ்சள் இழை நெளிந்தது. அவர் கண்ணைக் கசக்கினார். மஞ்சள் செம்மஞ்சளாயிற்று. பிறகு, அவரது உடலிலிருந்து இறங்கியதாக அவர் அழுதுகொண்டே பார்த்த அதே பழுப்பு, அதே செதில்களோடு, சிவப்புச் சாயம் பூசிய பிளாஸ்டிக் விரல்களைச் சுற்றி நுரைத்தது.

உதவிப் பெண் வந்து ஒரு கண்ணாடிக் குவளையில் அந்த நீரை முகந்து சென்றாள். சற்று நேரத்தில் பிரணவ்ஜியின் குரல் ஒலிபெருக்கியில் முழங்கியது. பெண்களின் அந்தரங்கத்தைக் காக்கும் பொருட்டு நீரில் கண்டதையெல்லாம் அவர் ஒலிபெருக்கியில்தான் சொல்வார்.

"திரைக்குப் பின்னால் இருக்கும் தாயே! உங்களுக்கு இது தெரிவைப் பருவம். இரண்டு பிரசவம். ஒன்று ஆபரேஷன். இடது முழங்காலில் தீராத வலி. ராத்திரி தூக்கம் இல்லை. மருமகளால் மனவேதனை. சரிதானே?"

கூட்டம் 'ஆகா' என்றது. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் மருமகள் உண்டு.

திரை விலகியது. ஈரம் சொட்டும் இரண்டு கால்களையும் கைக்கொன்றாகத் தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தார் ஹமீதுன்னிசா.

"நைனா, எல்லாம் சரியாத்தான் சொன்ன. ஆனா இந்தம்மாவுக்கு முழங்காலே கெடையாதே! வலி எங்க வந்து உக்காந்துக்கினு கீது?"

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பகுத்தறிவு வென்றுவிட்டது என்று யாரும் அவசரப்பட வேண்டாம். பிரணவ்ஜி ஒலிபெருக்கியைச் சற்று நெருக்கிப் பிடித்தார்.

"தாய்மார்களே, பார்த்தீர்களா? பிளாஸ்டிக் என்பதே நச்சு! உயிரில்லாத காலின் நச்சையும் நம் தொட்டி இறக்கிவிட்டது!"

"கரெக்ட்தானே, பிளாஸ்டிக் ரொம்ப டாக்ஸிக்" என்றார் அடையாற்றிலிருந்து வந்த ஒரு பெண்மணி. பலர் தலையசைத்தார்கள். கைதட்டலும் எழுந்தது. ஹமீதுன்னிசா தூக்கிப் பிடித்திருந்த கால்களைக் கீழே இறக்கினார். பொய்க்குப் பதில் சொல்லிவிடலாம். கைதட்டலுக்கு என்ன பதில் சொல்வது?

அப்போது காமாக்ஷி திரைக்குள்ளிருந்து எழுந்து வந்தார். வாழ்நாளில் மேடைக்கு முன்னால் பேசியதில்லை.

"நேக்கு ஒரு சந்தேகம். புதுசா தண்ணி வைங்கோ. உப்பும் போடுங்கோ. யாரும் காலை வெக்க வேண்டாம். பிளாஸ்டிக்கும் வேண்டாம். வெறும் தண்ணில சுவிட்சைப் போட்டுப் பாப்போம்."

"அம்மா, அது சாத்திர விரோதம்..."

"ஒரு தடவை பாத்துடறோமே. நச்சு இல்லேன்னா தண்ணி தெளிவாத்தானே இருக்கப் போறது? உங்களுக்கென்ன பயம்?"

கூட்டம் பிரணவ்ஜியைப் பார்த்தது. மறுக்க முடியவில்லை. உதவிப் பெண் புது நீர் ஊற்றி உப்பும் போட்டாள்.

"ஏன்னா, சுவிட்சைப் போடுங்கோ" என்றார் காமாக்ஷி.

கஸ்தூரிரங்கன் பிரணவ்ஜியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மின்துறையில் அத்தனை ஆண்டுகள் கற்றதெல்லாம் அவருக்கு மறந்திருந்தது. மனைவி சொன்னால் செய்துவிடும் பழக்கம் மட்டும் மறக்கவில்லை. சுவிட்சைப் போட்டார்.

யாருடைய காலும் இல்லை. தாய்மார்கள் தொட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். மஞ்சள் வந்தது. செம்மஞ்சள் வந்தது. பழுப்பு வந்தது.

"உப்புத் தண்ணி, இரும்புக் கம்பி, கரண்ட். துரு!" என்றார் காமாக்ஷி. "முதல் வருஷம் லேப்ல நாங்களே பண்ணினோம். என் உடம்புலேர்ந்து வந்த நச்சுன்னு நெனச்சு இந்தத் துருவைப் பாத்து அழுதேனே! ரத்தம் போறதுன்னு சொன்னேன். வாழ்த்துச் சொன்னேள். டாக்டர்கிட்ட போகாதேன்னேள். நேக்கு ஏதாவது ஆயிருந்தா இந்தத் தொட்டிதான் பதில் சொல்லுமா?"

கஸ்தூரிரங்கன் திரும்பி மனைவியைப் பார்த்தார். சுவிட்சிலிருந்த கை தானாகக் கீழே விழுந்தது. "காமாக்ஷி... என்கிட்ட சொல்லவே இல்லையே நீ" என்றார்.

பள்ளிச் சீருடை அணிந்த மகளோடு வந்திருந்த ஒரு தாய், "ஐயோ, இவ இரும்பு மாத்திரையை நிறுத்திட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கூச்சல் எழுந்தது. எல்லோரும் பிரணவ்ஜியைத் தேடினார்கள். மேடையில் ஒலிபெருக்கி மட்டும் இருந்தது. ஞானிகள் உடலை விட்டு மறைவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் உடலோடு பின்வாசல் வழியாக மறைந்திருந்தார். கூச்சலைக் கேட்டுத் தெருமுனையில் அவரைப் பிடித்து நிறுத்தியவர்கள், கார் நிறுத்த இடமில்லாமல் காத்திருந்த ஓட்டுநர்கள். போலீஸ் வரும்வரை அவருக்கு எந்தப் பருவம் என்று அவர்கள் விசாரித்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

"பந்தயம்" என்றார் ஹமீதுன்னிசா.

"வரேன்டி" என்றார் காமாக்ஷி. ஆட்டோவில் ஒரு பக்கம் ஹமீதுன்னிசா, மறுபக்கம் கஸ்தூரிரங்கன், நடுவே காமாக்ஷி. மடியில் பிளாஸ்டிக் கால்கள். கோபாலபுரம் வரும்வரை காமாக்ஷி அந்தக் கால்களை இறுகப் பிடித்திருந்தார்.

மருத்துவர் ஸ்கேன் எடுத்தார். கருப்பையிலிருந்து சிறு திசுவை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த நாளில் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "புற்று ஆரம்பிச்சிருக்கு. ஆனா கருப்பைக்குள்ளயேதான் இருக்கு. ஆபரேஷன் பண்ணிடலாம். இன்னும் கொஞ்ச நாள் தொட்டியில உக்காந்திருந்தீங்கன்னா, நான் இவ்வளவு தைரியமாப் பேசியிருக்க மாட்டேன்."

அறுவை சிகிச்சை நலமாக முடிந்தது. புறப்படும்போது, எந்தப் பருவத்தில் என்ன செய்ய வேண்டும் என்று காமாக்ஷி கேட்டார். மருத்துவர் சொன்னதில் அதிசயம் ஒன்றுமில்லை. வளரும் பெண்ணுக்கு இரும்புச்சத்தும் வயிறாரச் சோறும். எல்லா வயதிலும் நடை, தூக்கம், கீரை. அவ்வப்போது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது. கருப்பை வாய்க்கும் மார்பகத்துக்கும் உரிய காலத்தில் பரிசோதனை. மாதவிலக்கு நின்றபின் ஒரு துளி பட்டாலும் கூச்சப்படாமல் உடனே வருவது. பதாகை வைக்க இதில் எதுவும் தேறாது. நிறம் மாறும் எதுவும் இல்லாததால் இதற்கு யாரும் வரிசையில் நிற்பதில்லை.

காமாக்ஷி வீடு திரும்பிய வாரம், மண்டபத்தில் கைதட்டிய அதே அடையாற்றுப் பெண்மணி நலம் விசாரிக்க வந்தார். போகும்போது குரலைத் தாழ்த்தி, "தி. நகர்ல ஒருத்தர் தொப்புள்ல எண்ணெய் விட்டே எல்லாம் சொல்லிடறாராம். போலாமா?" என்றார்.

"அந்த எண்ணெய இட்லி மேல விட்டுப் பாத்தேளா? இட்லிக்கும் மாமியார் தொல்லைன்னு சொல்வார்" என்றார் காமாக்ஷி.

பெண்மணி முகம் சுளித்து எழுந்தார். வாசலில் தன் செருப்பைக் கவனமாகத் தேடி, வலது எது இடது எது என்று சரிபார்த்து, மாட்டிக்கொண்டு போனார். தாய்மார்களே, மிகுந்த பணிவோடு ஒரு விண்ணப்பம்: எந்த மண்டபத்துக்குப் போனாலும் வாசலில் கழற்றி வைக்க வேண்டியது செருப்பை மட்டுமே. தலையையும் சேர்த்துக் கழற்றி வைத்தால், அதற்கு யாரும் டோக்கன் தருவதில்லை.