கடலுக்கு ஒரு மணி நேரம்

இந்த வருடம் கடலில் நீந்தாமல் வீடு திரும்புவதில்லை என்று சபதம் எடுத்தேன். போன வருடம் முழங்கால் தண்ணீரில் அலை என்னைப் புரட்டிப் போட்டது. மாப்பிள்ளைதான் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். அன்றிலிருந்து நான் வீட்டுப் படி இறங்கினால்கூட, "பார்த்து மாமா" என்கிறார். மானம் போகிறது. மூன்று மாதம் நீச்சல் குளத்தில் பயிற்சி எடுத்தேன். புது நீச்சல் டவுசரை நானே பையின் அடியில் வைத்தேன்.

தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. குடும்பத்தோடு கடற்கரைப் பூங்காவுக்குப் போகவும் விதி எழுதினேன். உயிர்காப்பாளர் நட்ட கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும். தனியாக இறங்கக் கூடாது. எதைத் தின்றாலும் ஒரு மணி நேரம் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

"ஒரு பிஸ்கட் தின்னாலுமா?" என்றாள் மனைவி.

"ஒரு கடலை தின்னாலும்."

"யாருக்கும் விலக்கு இல்லையே?"

"எழுதின எனக்கே இல்லை."

"கடவுளே, நல்ல புத்தி குடுத்தே" என்று கண்மூடிக் கும்பிட்டாள். நான் பூரித்துப் போனேன்.

பூங்காவில் மகளும் மாப்பிள்ளையும் தண்ணீருக்கு ஓடினார்கள்.

"ஏங்க, வண்டி ஓட்டின களைப்பு. ஒரு வாழைப்பழம்" என்றாள் மனைவி. தின்றேன். அப்புறம்தான் விதி ஞாபகம் வந்தது.

ஐம்பத்தைந்தாவது நிமிடம். "ரொட்டி காய்ஞ்சிடும், வாயைத் திறங்க."

திறந்தேன். முப்பத்தோரு வருடமாக அவள் சொன்னால் திறக்கிற வாய். எதிர்த்துப் பேசத்தான் திறக்காது.

அடுத்து மதியச் சாப்பாடு. அதற்கடுத்து மாம்பழத் துண்டு. எல்லாம் ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில்.

"எனக்கு வேண்டாம்" என்றேன் உறுதியாக.

"சரிங்க. இந்தக் கடலையில உப்பு சரியா இருக்கா, அது மட்டும் சொல்லுங்க."

"சரியா இருக்கு."

"அப்போ இன்னும் ஒரு மணி நேரம்" என்றவள், அலைகளைப் பார்த்து முணுமுணுத்தாள்: "போன வருஷம் உருண்டது நீங்க. உயிர் போய் வந்தது எனக்கு."

நான் காதில் வாங்கவில்லை. உதட்டை இறுக்கினேன். அவள் டப்பாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். நான் மூக்கால் மட்டும் மூச்சு விட்டேன். ஐம்பத்தைந்து கடந்தது. அறுபதும் வந்தது. ஜெயித்துவிட்டேன்.

எழுந்து நின்று, "என் டவுசரை எடு" என்றேன்.

"நீங்களே எடுத்துக்குங்க" என்று பையை நகர்த்தினாள்.

பையின் அடியில் இன்னொரு டப்பாதான் இருந்தது.