மூன்று தரம் விற்ற பூசணிக்காய்

இங்ரித் அம்மாள் ஏலத்தில் எடுத்த பூசணிக்காய் மறுபடியும் மேசைமேல் ஏறியதைப் பார்த்ததும் நேசகுமார் பந்தல் கூரையைப் பார்க்கத் தொடங்கினான்.

"மேடம் சந்தோஷமா சபைக்கே திருப்பிக் குடுத்துட்டாங்க! யார் கேக்கறீங்க?" என்று மைக்கில் முழங்கினார் ஏலம் விடும் சைமன்.

மேடம் எதையும் கொடுக்கவில்லை. அவர் கை நீட்டுவதற்குள் சைமனே திருப்பி வைத்துக்கொண்டார். சித்தூர்ச் சர்ச் சபையில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஏலம் அப்படித்தான். காணிக்கையாக வந்த பொருளை ஏலத்தில் எடுப்பவர் பணத்தையும் கட்டிவிட்டு, பொருளையும் சபைக்கே விட்டுவிட வேண்டும். அது அடுத்த ஏலத்துக்கு வரும். ஒரே எலுமிச்சம்பழம் மாலை வரை சுற்றிச் சுற்றி வந்து சபைக்குச் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்த வருஷமும் உண்டு.

இது நேசகுமாருக்குத் தெரியும். மேடத்திடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

நேசகுமார் பாய்மரப் படகு ஒன்றில் சமையல்காரன். படகு நார்வேக்காரரான இங்ரித் அம்மாளுடையது. அவரும் கணவருமாக ஊர் ஊராகக் கடலில் சுற்றுகிறார்கள். இப்போது சென்னைத் துறைமுகத்தில் நிறுத்தம். கணவர் அங்கே கிழிந்த பாயைத் தைத்துக்கொண்டிருந்தார். நாளைக் காலை தாய்லாந்துக்குப் புறப்பாடு, அதற்குள் சாமான் நிரப்பியாக வேண்டும்.

இலங்கையில் நேசகுமார் பார்த்துப் பார்த்து ஏற்றிய முட்டைகள் நடுக்கடலில் நாறின. "இன்னொரு தடவை இப்படி நடந்தால் சென்னையிலேயே இறங்கிக்கொள்" என்று மேடம் அன்றே சொல்லிவிட்டார். ஆனாலும் நேசகுமாருக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கை ஒரு சுற்றுகூட இளைக்கவில்லை.

"சாமான்னா எங்க சித்தூர்தான் மேடம். பாதி விலை, ரெட்டைத் தரம். என்கிட்ட விடுங்க" என்று மார்தட்டி அவரை அழைத்து வந்தான்.

சனிக்கிழமை வந்து இறங்கினார்கள். ஊரே மேடத்தைப் பார்க்க வந்தது. போன வீட்டிலெல்லாம் பிரியாணி, ஜெபம், போட்டோ. சாமான் என்று ஒரு மிளகாய்கூட வாங்கவில்லை.

ஞாயிறன்று ஆராதனை நடுவில் தலை வலிக்கிறதென்று வண்டிக்குப் போன மேடம், ஏலம் தொடங்கும்போது செருப்பெல்லாம் சேறாகத் திரும்பி வந்தார். பந்தலில் அரிசி மூட்டையும் வாழைத்தாரும் காய்கறியுமாகக் குவிந்திருந்தன.

"இதுதானா நீ சொன்ன மார்க்கெட்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இல்லை என்று சொல்ல ஒரு நொடிதான் இருந்தது. "இதேதான் மேடம்" என்றான் நேசகுமார்.

வினை அங்கே பிடித்தது. மேடம் முதலில் எடுத்ததே அந்தப் பூசணிக்காயைத்தான்.

"அது என் பூசணிக்காய் இல்லையா?" என்று இப்போது மேசையைக் காட்டினார்.

"இல்ல மேடம், அது வேற. ரெண்டும் ஒரே கொடியில காய்ச்சது."

"கயிறும் ஒன்றாகவே இருக்கிறதே?"

பூசணிக்காயைத் தூக்க வசதியாகக் குறுக்கும் நெடுக்குமாக நீலக் கயிறு கட்டியிருந்தது. யார் போட்ட முடிச்சோ, சைமன் பல்லால் கடித்தும் அவிழவில்லை.

"எங்க ஊர்ல எல்லாப் பூசணிக்கும் அப்படித்தான் கட்டுவாங்க மேடம்."

"ஓகோ" என்ற மேடம், அதையும் ஏலத்தில் எடுத்தார். அதுவும் மேசைக்கே போனது. பிறகு வாழைத்தார், வெங்காயம், தேங்காய். எடுத்ததெல்லாம் கைதட்டலோடு திரும்பிப் போனது. மேடத்தின் கைப்பை மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது.

நேசகுமார் பெண்கள் பக்கம் ஓடினான். அவன் மனைவி கேசியா முன்வரிசையில் இருந்தாள்.

"கேசியா, மேடத்துக்கு மேல நீ கேளு. நீ எடுத்தா நம்ம வீட்டுக்குன்னு வாங்கிக்கலாம். அப்பறமா வண்டியில ஏத்திடலாம்."

கேசியா கேட்டாள். அரிசி மூட்டை அவளுக்கே முடிந்தது.

"கேசியாம்மாவும் சபைக்கே குடுக்கறாங்க!" என்றார் சைமன். கேசியா சிரித்தபடி தலையாட்டினாள்.

"இன்னாத்துக்குத் தலையாட்டற?"

"பின்ன, சபை முன்னால தரமாட்டேன்னு சொல்லச் சொல்றீங்களா? மானம் போயிடும்!"

போட்டிக்கு ஆள் வந்ததில் மேடத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அடுத்த சுற்றில் எழுந்து நின்றே ஏலம் கேட்டார்.

இனி சைமனிடம் நேராகப் பேசுவதுதான் வழி. நேசகுமார் மேடை ஏறி அவர் காதருகே குனிந்தான். "அண்ணே, மேடம் எடுக்கறத மட்டும் திருப்பி வைக்காதீங்க. அவங்க நெஜமாவே சாமான் வாங்கிக்கினு இருக்காங்க."

ஒலிபெருக்கி இரைச்சலில் சைமனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால் அவர் தயங்கவும் இல்லை.

"நம்ம நேசகுமாரு கடல்லேர்ந்து வந்து மேடை வரைக்கும் ஏறியிருக்காரு! சும்மாவா ஏறுவாரு? அவங்க வீட்டுச் செவப்புச் சேவலக் காணிக்கையாத் தர்றாரு!"

பந்தல் அதிர்ந்தது. யாரோ ஓடிப்போய்ச் சேவலைப் பிடித்தும் வந்துவிட்டார்கள். அது கேசியா கையில் தீனி தின்று வளர்ந்த சேவல். அவள் கணவனைப் பார்த்த பார்வையில் வழிக்குக் கட்டித் தரும் சாப்பாடு அவனுக்கு இல்லை என்று தெரிந்தது.

கேசியா ஏலம் கேட்டாள். மேடமும் கேட்டார். "ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்!" சேவல் மேடத்துக்கு. சைமன் கை நீட்டினார். மேடம் கொடுக்கவில்லை. சேவலைத் தூக்கிக்கொண்டு நேராக நடந்துவந்து கேசியாவின் மடியில் வைத்தார். கேசியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பும் வழியில், மேசையில் மிஞ்சியிருந்த பூசணிக்காயை மேடம் மூன்றாம் தரமாகவும் எடுத்தார். கைப்பையைக் கவிழ்த்து உதறிக் காட்டினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பூசணிக்காய் மேசையிலேயே இருந்தது.

வண்டியருகே வந்ததும் நேசகுமாரின் நம்பிக்கை முதல்முறையாகக் கழன்றது. ஓட்டுநர் கிரண்குமார் கதவில் சாய்ந்து நின்றான்.

"மேடம், மன்னிச்சிடுங்க. இது மார்க்கெட் இல்ல. சர்ச்சுக்குப் பணம் சேக்கற ஏலம். ஒரே பூசணிக்காயத்தான் மூணு தடவை வாங்கினீங்க. சாமான் ஒன்னுமே இல்ல. என்னைச் சென்னையில இறக்கிடுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். கடலை விட்டுவிட்டுத் தரையில் என்ன செய்வான்? அவனுக்கு அந்தப் படகுதான் எல்லாம்.

மேடம் அவனை நிதானமாகப் பார்த்தார்.

"நீ இறங்கிவிட்டால் நாளைக் காலை காபி யார் போடுவது? ஏறு" என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நேசகுமாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன் பையை வைக்கப் பின்கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, மாங்காய், முட்டை எல்லாம் மூட்டை மூட்டையாகக் கூரை வரை இருந்தன.

"டேய் கிரணு, இன்னாடா இது?"

"நீங்க உள்ள பாட்டு பாடிக்கினு இருந்தீங்களே, அப்பவே மேடம் என்னை மார்க்கெட்டுக்கு இட்டுக்கினு போயிட்டாங்கண்ணா. அவங்க போன்ல இங்கிலீஷ்ல பேசினா அது தெலுங்குல மாத்திச் சொல்லுது. பேரம் பேசினாங்க பாருங்க, கடைக்காரனே தாங்கல. அண்ணாகிட்ட மட்டும் சொல்லாதேன்னாங்க."

"அப்ப ஏலம்?"

"அவங்க ஊர் சர்ச்சிலயும் இதே மாதிரிதானாம். பண்டிகைக்கு வெறுங்கையோட போகக்கூடாதுன்னு, அந்தப் பூசணிக்காய வாங்கிக் கயிறு கட்டிக் காணிக்கையா வச்சதே அவங்கதாண்ணா!"