எழுந்து போகாத கூட்டம்

திரையில் படம் தலைகீழாக விழுந்தது. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று மேலிருந்து தொங்க, அதன் காலடியில் மேகங்கள் மெல்ல மிதந்தன.

பேராசிரியர் புரொஜெக்டரைத் தட்டிப் பார்த்தார். சமூகவியல் துறையின் சார்பில் ஊர்ச் சங்கங்களுக்குப் போய்ப் பேசுவது அவர் பொறுப்பு. இதுவரை எங்கே பேசினாலும் பாதிப் பேச்சிலேயே கூட்டம் கலைந்துவிடும். "இந்தத் தடவையும் வெறும் நாற்காலிக்குப் பேசிட்டு வந்தீங்கன்னா, நான் வேற ஆளைத்தான் அனுப்பணும்" என்று துறைத் தலைவர் காலையில்தான் சொல்லியிருந்தார். இன்றைய தலைப்பு, 'அயலாரை அறிவோம்'.

"ஒரு நிமிஷம், சரி பண்ணிடறேன்" என்று புரொஜெக்டரைக் கவிழ்த்து வைத்து, சங்க நூலகத்தின் தடிப் புத்தகங்கள் இரண்டை அதற்கு முட்டுக் கொடுத்தார். படம் நிமிர்ந்தது. நிமிர்ந்த வேகத்தில் கூரைக்கு ஏறிவிட்டது.

"பரவாயில்ல சார், அண்ணாந்து பாத்துக்கறோம்" என்றார், அவரையே பேசக் கேட்டு அழைத்திருந்த சங்கத் தலைவி.

மண்டபமே அண்ணாந்தது. யாரும் எழுந்து போகவில்லை. பேராசிரியருக்கு அது புதுசு.

கூரையில் படம் மங்கலாகத் தெரிந்ததால், ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்து மூடினார். பகல் நேரத்திலேயே உள்ளே அந்தி வந்துவிட்டது. மேகங்கள் தலைக்கு மேல் வெள்ளையாக ஊர்ந்தன. அண்ணாந்த முகங்களில் கண்கள் செருக ஆரம்பித்தன. எங்கோ ஒரு குறட்டை, மெல்லிசாக, ஸ்வரம் பிடித்துப் பார்த்தது.

பதறிப்போய் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். மேசையிலிருந்த பேச்சுத் தாள்கள் மொத்தமும் எழும்பின. அந்த அரையிருட்டில் அவை வெள்ளைப் பறவைகளாக வட்டமிட்டு, ஒவ்வொருவர் மடியிலும் ஒவ்வொன்றாக இறங்கின. தூங்கியவர்கள் விழித்து, கைக்கு வந்த வரிசையில் அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்கள்.

பேராசிரியர் முதல் தாளைப் பார்த்து வாசித்தார்: "முடிவாக, இதுவரை பொறுமையுடன் கேட்ட உங்களுக்கு நன்றி."

வாசித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. தொலைந்தது, இதையே சாக்காக வைத்துக் கிளம்பிவிடுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டார். நாற்காலி நகரும் சத்தம் கேட்கவில்லை.

"அதுக்குள்ள நன்றி எதுக்கு சார்? உக்காந்திருக்கோம்ல, பேசுங்க" என்றார் முன்வரிசையில் இருந்த தையற்காரர்.

பேராசிரியரின் கால்கள் தரையில் படவில்லை. தாள்களை ஓரமாகத் தள்ளினார். "நீங்க ஒவ்வொருத்தரும் பக்கத்து நாற்காலிக்காரரைப் பத்தித் தெரியாத ஒண்ணைக் கேட்டுத் தெரிஞ்சுக்கங்க."

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"தெரியாததுன்னு என்ன சார் இருக்கு?" என்று தையற்காரர் தலைவியைக் காட்டினார். "அக்கா வீட்டுல சண்டைன்னா நான் மெஷினை நிறுத்திட்டுல்ல கேப்பேன்!"

"இவர் ராத்திரி இருமினா, எங்க வீட்டுக்காரர் சுவருக்கு இந்தப் பக்கம் தண்ணி குடிப்பார்" என்றார் தலைவி.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. பயிற்சி படுத்துவிட்டது. பேராசிரியர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "சரி, இதுவரைக்கும் நீங்க பேசியே பாக்காத அயலார் யாராவது இருக்காங்களா?"

அத்தனை கைகளும் ஒன்றாக உயர்ந்தன.

"ஒருத்தர் இருக்கார் சார்" என்றார் தலைவி. "நல்லவர்தான் போல. கதவுதான் திறக்க மாட்டார்."

"மணி அடிச்சா?"

"உள்ள எரியற விளக்கு அணைஞ்சிடும்."

பேராசிரியரின் மனம் இளகியது. யாரோ ஒரு பாவப்பட்ட மனிதர், இருட்டு அறையில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது கூரை மேகங்களுக்கு நடுவே அவருக்குத் தெரிந்தது. குரல் தாலாட்டுப் போலத் தணிந்தது.

"அவர் மேல கோபப்படாதீங்க. கூச்ச சுபாவம். அவருக்கு எதுல ஆசையோ அதைக் காட்டி வெளிய வர வைங்க. வந்ததும் குறையைச் சொல்லி மிரட்டிடாதீங்க. முதல்ல மனசு நிறைய அவரைப் பேச விடுங்க."

"எவ்வளவு நேரம் சார் பேச விடணும்?" என்று தலைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவருக்கே போதும்னு தோணற வரைக்கும்."

மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. தன் பேச்சு நெஞ்சைத் தொட்டுவிட்டது என்று பேராசிரியர் நினைத்தார். இன்னும் நெடுநேரம் பேசினார். குழந்தையைப் போல, கனவில் நடப்பவரைப் போலப் பேசினார். முடித்தபோது கைதட்டல் ஓயவே இல்லை. ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. அவருக்குக் கண் கலங்கியது.

"எங்க போனாலும் இப்படி ஒரு கூட்டம் எனக்குக் கிடைச்சதில்ல. வேற ஏதாவது கேக்கணுமா?"

கடைசி வரிசையில், தோளில் கருவிப் பையோடு ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"நான் பிளம்பருங்க. நல்லாத்தான் பேசினீங்க, ஆனா உங்க வீட்டுச் சாவியைக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா போய்க் குழாயை மூடிடுவேன். மூணு மாசமா உங்க குளியலறைத் தண்ணி கீழ இருக்கற இவங்க எல்லார் வீட்டுலயும் சொட்டுது சார்!"