உறை பிரிக்காத காற்று

கோவில்பட்டியில் பொதுமக்கள் நலன் கருதி இயங்கிவரும் ஓர் அலுவலகத்தின் சான்றிதழ்ப் பிரிவுக்கு, அதே நலனை மேலும் கருதி, சுத்தமான காற்று வழங்கப்பட்டிருந்தது. மூலையில் பீரோ உயரத்துக்கு ஒரு காற்று வடிகட்டி. சுவரில், ஆள் தலைக்கு மேலே, கதிர் ஆள்மேல் படாமல் மேல்காற்றில் உள்ள கிருமியைக் கொல்லும் புற ஊதாக்கதிர் விளக்கு. இரண்டும் வந்து ஐந்து மாதம். அந்தப் பிரிவில் இருமாதவர்கள் என்று கணக்கெடுத்தால் அந்த இரண்டு மிஷின்கள்தான் தேறும்.

ஜானகியம்மாளுக்கு அன்று ஐந்து மணிக்குள் இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். மகள் ஐஸ்வர்யாவின் கல்லூரி இடம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை, கையெழுத்துப் போட வேண்டியவருக்குக் காய்ச்சல். செவ்வாய்க்கிழமை, அவருக்குப் பதிலாகப் போட வேண்டியவருக்குக் காய்ச்சல். இன்றைக்குப் பதிலுக்குப் பதிலாக சுதாராணி மேடம் உட்கார்ந்திருந்தார். மூக்கு வத்தல் மிளகாயாகச் சிவந்திருந்தது.

"மேடம், எம்பிள்ளைக்கு அஞ்சு மணிதான் கெடு."

"எனக்கு அது வரைக்கும் தாங்குமான்னு தெரியலம்மா" என்று சொல்லி மேடம் தும்மினார். "வரிசையில இருங்க."

உள்ளே நாற்பது பேர். ஜன்னல்களையெல்லாம் அடைத்து, இடுக்குகளில் பழைய பேப்பரைத் திணித்திருந்தார்கள். ஜானகியம்மாள் விண்ணப்பத்தால் விசிறிக்கொண்டே மூலையைப் பார்த்தாள். வடிகட்டி, வந்த நாளில் போட்டிருந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. உறையின் மேல் மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம்.

"அண்ணாச்சி, இது ஓடாதா?" என்று அலுவலக உதவியாளர் மாரிச்சாமியைக் கேட்டாள்.

"ஏன் ஓடாது? அருமையா ஓடும். நாங்க ஓட விட்டதில்ல, அவ்வளவுதான்."

"அதான் ஏன்னு கேக்கேன்."

"மாசாமாசம் மேல அறிக்கை போகணும்மா. வடிகட்டி சுத்தமா இருக்கான்னு அதுல ஒரு கேள்வி. ஓட விட்டா அழுக்காயிரும். அழுக்கானா விளக்கம் கேப்பாவ. இதுவரைக்கும் அஞ்சு அறிக்கை, அஞ்சுலயும் 'சுத்தமாக உள்ளது'தான். பாராட்டுக் கடிதமே வந்திருக்கு, பாத்தியளா?"

கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதற்கும் சந்தனம் வைத்திருந்தார்கள்.

"சரி, அந்த விளக்கு?"

"ஒம்பதாயிரம் மணி நேரந்தான் அதுக்கு ஆயுசு. அநியாயமா எரிச்சிரலாமா? எல்லாரும் வீட்டுக்குப் போன பொறவு பத்து நிமிஷம் போடுவோம்."

"ஆளில்லாத ரூமுல யாரு அண்ணாச்சி இருமுதா?"

"யாரும் இருமுததில்ல. அதான் விளக்கோட மகிமை."

ஜானகியம்மாள் பல்லைக் கடித்தாள். "ஜன்னலையாவது திறங்களேன்."

"மிஷின் உள்ள ரூமுல ஜன்னலைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"மிஷின் ஓடலையே!"

"உத்தரவுல 'உள்ள'ன்னுதான் போட்டிருக்கு. ஓடணும்னு போடலையே."

மணி நாலு இருபது. மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு பேனாவை மூடினார். "மாரிச்சாமி, ஆட்டோ சொல்லுங்க. இனி முடியாது."

அந்தப் பேனா மூடும் சத்தத்தில் ஜானகியம்மாளுக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போயிற்று. விறுவிறுவென்று போய்ப் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தாள். பொத்தானை அமுக்கினாள். வரிசையில் நின்ற ஒருவர் விளக்கின் சுவிட்சைத் தட்டினார், இன்னொருவர் மின்விசிறியைப் போட்டார். காற்று ஐந்து மாதத்துக்குப் பிறகு நகர்ந்தது.

"ஏம்மா! ஏம்மா! என்ன செய்யுதீங்க?" மாரிச்சாமி, பெற்ற பிள்ளையை யாரோ அடித்துவிட்டதுபோல ஓடிவந்தார். "மேடம், பிரிச்சிட்டாவ! மிஷின் ஓட ஆரம்பிச்சிட்டு!"

சுதாராணி மேடம் பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அரசு உடைமையின் உறை அனுமதியின்றிப் பிரிக்கப்பட்டால், அன்றே விளக்கம் எழுதாமல் அதிகாரி இடத்தைவிட்டு நகர விதியில் வழியில்லை. காய்ச்சலுக்கு விடுப்பு உண்டு, உறைக்குக் கிடையாது. அவர் பேனாவைத் திறந்தார்.

"திறந்ததுதான் திறந்துட்டீங்க மேடம்" என்று ஜானகியம்மாள் தன் விண்ணப்பத்தைப் பேனாவின் அடியில் நீட்டினாள். பின்னாலேயே முப்பத்தொன்பது கைகள் நீண்டன.

ஐந்து மணிக்குள் நாற்பது சான்றிதழும் ஒரு விளக்கமும் கையெழுத்தாயின. அரை மணி நேரமாக இருமல் சத்தம் குறைந்திருந்ததை யாரும் அறிக்கையில் சேர்க்கவில்லை. அதற்குக் கேள்வி இல்லை. வடிகட்டியைத் திறந்து பார்த்த மாரிச்சாமி, உள்ளே லேசாகக் கரிசல் நிறம் படிந்திருந்ததைக் கண்டு, பாராட்டுக் கடிதத்தைச் சுவரிலிருந்து தாமே கழற்றினார்.

ஜானகியம்மாள் போனில் படமெடுத்து அனுப்பிய சான்றிதழை ஐஸ்வர்யா வீட்டிலிருந்தே கெடுவுக்குள் கல்லூரிக்கு அனுப்பிவிட்டாள். வீடு வந்ததும் ஜானகியம்மாள் கதை முழுவதையும் நடித்துக் காட்டினாள்.

"அஞ்சு மாசமா உறையப் பிரிக்காம சந்தனம் வச்சுக் கும்பிடுதாவட்டி! கூறுகெட்டவிய!"

உள்ளறையில் கணவர் இருமினார். ஐஸ்வர்யா கூடத்து மூலைக்குப் போனாள். தெருவில் எல்லாரும் வாங்குகிறார்களே என்று போன தீபாவளிக்கு வாங்கிய காற்றுச் சுத்திகரிப்பான் அங்கே நின்றது. அதன் மேல் பிளாஸ்டிக் உறை, உறையின் மேல் பூவேலை செய்த துணி, துணியின் மேல் ஒரு தலையாட்டி பொம்மை.

"அப்பா நாலு நாளா இருமுதாவ. இதப் பிரிச்சிருவோமாம்மா?"

"கைய எடுட்டி! புதுசுல்லா?" என்றாள் ஜானகியம்மாள். "யாராவது விருந்தாளி வரட்டும், பிரிப்போம்."