புதைத்த பனியனும் மூன்று பாட்டில் பினாயிலும்

மைசூர்,
வெள்ளிக்கிழமை.

ஹனூரில் இருக்கும் அன்பு மச்சான் சுப்பையாவுக்கு,

உங்கள் வீட்டில் அனைவரும், மாடு கன்று உட்பட, சுகமாயிருக்க மாதேஸ்வரசாமி துணையிருக்கட்டும்.

முழங்கால் வலி என்று சொல்லி உங்கள் புதுவீட்டு விசேஷத்துக்கு வராமல் இருந்தேனே, அது பொய். நீங்கள் எனக்குச் செய்வினை வைத்துவிட்டதாக நினைத்தேன். மன்னிக்க வேண்டும்.

நடந்ததைக் கேளுங்கள். நீங்கள் கொல்லையில் வாழைக்கன்று நட்டுவிட்டுப் போன மறுவாரம், அதன் பக்கத்தில் கீரை விதைக்கக் கொத்தினால் என் பனியன் வருகிறது! கழுத்தோரம் உங்கள் அக்கா மகேஸ்வரி போட்ட அதே நீலத் தையல். மாந்திரீகத்துக்குப் பேர்போன கொள்ளேகால் பக்கத்தில் பிறந்தவன் மண்ணுக்குள் தன் துணியைப் பார்த்தால் வேறு என்ன நினைப்பான்? அங்கேயே மூடி, செய்வினை முறியட்டும் என்று மூன்று பாட்டில் பினாயில் ஊற்றிவிட்டு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். வாழைக்கன்றும் வாடிவிட்டது.

புதைத்தவள் என் மகள் வைஷாலி என்பது நேற்றுதான் தெரிந்தது. மண் ஆராய்ச்சி செய்கிறாளே, அதற்காம். ஒரு பனியன் நம் கொல்லையில், இன்னொன்று ஏதோ தொழிற்சாலைக் கழிவுநீர் ஓடும் இடத்தில். "ஒரு ஸ்பூன் மண்ணுல கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்குப்பா. பருத்தின்னா அதுங்களுக்கு விருந்து. நல்ல மண்ணுன்னா ரெண்டு மாசத்துல தையல் நூல்தான் மிஞ்சும். கெமிக்கல் பட்ட மண்ணுல பலது செத்துடும், துணி அப்படியே கிடக்கும்" என்றாள். அசந்துபோனேன், மச்சான். சம்பளம் இல்லை, லீவு இல்லை, காலடியில் இத்தனை கோடிப் பேர் வேலை பார்க்கிறார்கள்! அதை என் பனியனை வைத்தே கண்டுபிடிக்கிறாள் என் மகள். பெருமை தாங்கவில்லை.

ஆனால் தோண்டினால் இரண்டு பனியனும் முழுசு. நம் கொல்லையில் இருந்ததைத் துவைத்தால் போட்டுக்கொள்ளலாம். "இந்த மண்ணுலயா கீரை வளர்த்துச் சாப்பிட்டோம்?" என்று கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறாள். மாதக் கடைசியில் அறிக்கை கொடுக்க வேண்டும். இரண்டு வருஷ உழைப்பு. எனக்கோ, எல்லாம் என் பினாயில் செய்த வேலை என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் ஓர் உதவி. வாழைக்குப் பூச்சி வராமலிருக்க நீங்கள்தான் பினாயில் ஊற்றியதாகப் போனில் அவளிடம் சொல்லிவிடுங்கள். தாய்மாமனை அவள் திட்டமாட்டாள்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அக்கா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

தலை நிமிர முடியாத
வேலாயுதம்

பி.கு.: போன் செய்ய வேண்டாம். வைஷாலி தமிழ் படிக்கத் தெரியாத பெண்தானே என்று கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு ஸ்டாம்ப் வாங்கப் போனேன். கைபேசியில் படம் பிடித்து, முழுவதையும் கன்னடத்தில் மாற்றிப் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். என் பினாயிலும் அறிக்கையில் ஏறுகிறதாம். இனி அதே இடத்தில் மாதம் ஒரு பனியன் புதைத்துப் பார்க்கப் போகிறாள். "செத்ததெல்லாம் திரும்ப வருமா?" என்று கேட்டேன். "பக்கத்து மண்ணுல இருந்து மெல்ல வரும்ப்பா. நாமதான் திரும்ப விஷம் ஊத்தக்கூடாது" என்றாள். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை நானே உங்கள் வீட்டுக்கு வருகிறேன். பீரோவில் ஒரு பனியன்கூட இல்லை. உங்களுடையதில் ஒன்றை எடுத்து வையுங்கள்.